மூட்டைப்பூச்சியாரின் சாவுக் கார்டு

அப்போது மயிலாப்பூரில் ஒரு மூட்டைப்பூச்சி மருந்துக் கம்பெனிக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தேன். சாவுச் செய்தி வரும் கார்டின் மூலைகளில் கறுப்பு மை தடவுவது நம் வழக்கம். அதையே வேடிக்கையாக்கினேன். “ஸ்ரீமான் மூட்டைப்பூச்சியார் எங்கள் மருந்தினால் சகுடும்பமாகக் காலமானார்” என்று அச்சடித்து, மூலைகளில் மை தடவினேன். முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். நானே வீடு வீடாகக் கதவிடுக்கில் செருகிக்கொண்டு போனேன், பின்னால் சிரிப்புக் கேட்கும் என்ற ஆசையோடு.

கேட்டது அலறல். திரும்பி ஓடினேன். மீன் விற்கும் பெண் ஒருத்தி என் கார்டைப் பிடித்தபடி வாசலில் சரிந்திருந்தாள். மகன் ரங்கூனில் இருக்கிறானாம். அவளுக்கோ, சுற்றி நின்றவர்களுக்கோ படிக்கத் தெரியாது. கறுப்பு மை மட்டும் தெரிந்திருக்கிறது.

“நைனா, படிச்சவன் மாதிரி கீறே. எப்போ போனான்னு பார்த்துச் சொல்லு.”

கார்டை வாங்கினேன். படித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

“என் புள்ள பேரு அதுல இல்லியா?”

“இல்லம்மா.”

“இன்னொரு தபா படி.”

மூன்று தடவை படித்தேன். அதன் பிறகுதான் அவள் என் பையிலிருந்த கார்டுக் கட்டைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

“பக்கத்து ஊட்டுக்காரி புருஷன் கப்பல்ல கீறான். அவளுக்குக் குடுக்கறப்பவே படிச்சுச் சொல்லிடு நைனா.”

மீதியைக் கிழித்துப் போட்டேன். ஆனாலும் அதற்குள் செருகியிருந்தவையே போதும், ஊரெல்லாம் அந்தக் கார்டைப் பற்றியே பேச்சு. மருந்தும் நன்றாக விற்றது. இன்றும் ஒரு ஹாஸ்யம் எழுதினால், மனசுக்குள் அந்த வாசலில் நின்று அதை மூன்று தடவை படித்துப் பார்க்கிறேன்.