கையெழுத்தில்லாத பெட்டி

போன மாதம், நாங்கள் குடியிருக்கும் கொழும்புத் தொடர்மாடியில், பட்டப்பகலில் எங்கள் வீட்டுப் பூட்டை உடைத்துக் கள்ளர் புகுந்தார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போயிருந்தோம். பதினான்கு வயது மகள் காய்ச்சலென்று பள்ளிக்கூடம் போகாமல் உள்ளே படுத்திருந்தாள். சத்தம் கேட்டதும் கட்டிலுக்குக் கீழே புகுந்து, அவர்களுடைய கால்கள் அங்குமிங்கும் நடப்பதைப் பார்த்தபடி கிடந்திருக்கிறாள். வானொலியும் என் காப்புகளும் போயின. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் அதை மறந்துவிட்டாள் போலத்தான் இருக்கிறது. நான்தான் வேலைசெய்யும் கந்தோரிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று தடவை பக்கத்து வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, அவள் வந்துவிட்டாளா என்று கேட்கிறேன்.

போன ஞாயிறு மாடிக்காரர் எல்லோரும் கூடினோம். கீழே ஒருவரை இருத்தி, வெளியே போகும் ஒவ்வொரு பையையும் பார்த்து எழுதவேண்டும் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் கை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். இதே ஏற்பாட்டை என் அப்பா கால் நூற்றாண்டுக்கு முன்பு திருகோணமலையில் செய்து பார்த்தவர் என்பதை அங்கே நான் சொல்லவில்லை.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது, அவர்கள் இருந்த மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றை வீடுகளாகப் பிரித்து, துறைமுகத்திலும் அதைச் சார்ந்த இடங்களிலும் வேலைசெய்தவர்களுக்குக் கொடுத்தார்கள். பன்னிரண்டு வீடுகள், ஒரே படிக்கட்டு. நாங்கள் நடுமாடியில் இருந்தோம். எனக்கு அப்போது பத்து வயது.

அப்பா துறைமுக வாசலில் கிளாக்கர். உள்ளே போகிறவனை அவர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. வெளியே வருகிறவன் கையில் நாலு ஆணி இருந்தாலும் அதற்குப் பொறுப்பானவர் கையெழுத்து வைத்த சீட்டு வேண்டும். அந்தச் சீட்டைத் துறைமுகத்தில் எல்லோரும் துண்டு என்பார்கள். துண்டில்லாத சாமான் வாசலில் நின்றுவிடும். ஆள் போகலாம்.

அந்த வருடம் பெருநாள் பூசைக்குக் கீழ்வீட்டுக்காரர் கோயிலுக்குப் போன நேரத்தில் அவர்கள் வீட்டில் களவு போனது. அலுமாரியில் இருந்த சேலைகள், சுவர் மணிக்கூடு, வெள்ளிக் கிண்ணங்கள் எல்லாவற்றையும் அவர்களுடைய கட்டில் விரிப்பிலேயே மூட்டையாகக் கட்டிக்கொண்டு கள்ளன் முன்வாசலால் நடந்து போயிருக்கிறான். மூன்று பேர் அவனைக் கண்டிருக்கிறார்கள்.

"உடுப்புத் தோய்க்கிற ஆளெண்டு நினைச்சன்" என்றார் ஒருவர். "பாரமா இருக்கு, பாத்துப் போ எண்டும் சொன்னனான்."

அன்று பின்னேரமே அப்பா கூட்டம் வைத்தார். "உள்ள வாறவனைப் பிடிக்க ஏலாது. எல்லாரும் வருவினம். வெளியில போற சாமானைப் பிடிச்சால் காணும்" என்றார். துறைமுகக்காரர்களுக்கு இதை விளங்கப்படுத்தவே தேவையிருக்கவில்லை. ஒரு கிழமைக்குள் படிக்கட்டின் அடியில், முன்வாசலில், இரும்புக் கேற் வந்தது. ஒரு பூட்டு, இருக்க ஒரு கதிரை, எழுத ஒரு கொப்பி. ஆண்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுப் பெண் கதிரையில் இருக்கவேண்டும். மூட்டையோ பெட்டியோ வெளியே போவதானால் துண்டு வேண்டும். துண்டில் கையெழுத்து வைக்கவேண்டியவர், வீடு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர். பன்னிரண்டு வீடும் ஆண்களின் பெயரில்தான் இருந்தது. அதை அப்போது யாரும் ஒரு விசயமாக எடுக்கவில்லை. பன்னிரண்டு பேரின் கையெழுத்தையும் அப்பா கொப்பியின் முதல் பக்கத்தில் வாங்கி வைத்திருந்தார்.

பெண்கள் இதை வைத்துக் கொஞ்ச நாள் சிரித்தார்கள். உப்புவெளியிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருபவர், "உள்ள போற மீனுக்குத் துண்டு வேண்டாம், வெளியில வாற முள்ளுக்குத்தான் துண்டோ பிள்ளையள்?" என்று கேட்பார். ஒருநாள் எதிர்வீட்டு மாமி கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். கதிரையில் இருந்தவர், "உதுக்குத் துண்டு எங்க?" என்றார். "உதுக்குக் கையெழுத்து வைச்சவர் வேலைக்குப் போட்டார்" என்று மாமி சொல்ல, மூன்று மாடியிலும் சிரிப்புக் கேட்டது. நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்தக் கொப்பி வேதப் புத்தகம் மாதிரி. அம்மாவின் முறை வரும் நாட்களில் பக்கத்தில் நின்று துண்டுகளை வாங்கி, முதல் பக்கத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

எங்களுக்கு மேல்வீட்டில் ஒரு அக்கா இருந்தார். மட்டக்களப்புப் பக்கத்தவர். பயிற்றப்பட்ட ஆசிரியை. கலியாணத்தோடு கணவர் வேலையை விடச் சொல்லிவிட்டார். கணவரை நான் அண்ணை என்பேன். அவருக்குச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளில் வேலை. காலை பஸ்சில் போய்ப் பின்னேரம் வருவார். அக்கா எனக்குப் பின்னக் கணக்குச் சொல்லித் தருவார். சில நாட்களில் அவருடைய கன்னமோ கண்ணின் கீழோ வீங்கியிருக்கும். கேட்டால் அலுமாரிக் கதவு பட்டது என்பார். அவர்கள் வீட்டு அலுமாரியை யாராவது திருத்தினால் என்ன என்று நான் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். அம்மா, "போய்ப் படி" என்றார்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் அம்மாவின் முறை. காலையில் அம்மா என் கையில் ஒரு பாத்திரம் பலகாரத்தைத் தந்து, சின்னம்மா வீட்டில் கொடுத்துவிட்டு அங்கேயே மத்தியானம்வரை இருந்து விளையாடச் சொன்னார். விடுமுறையிலும் படி படி என்று நிற்பவர் அப்படிச் சொன்னது எனக்குச் சந்தோசம். போனால் சின்னம்மா வீடு பூட்டிக் கிடந்தது. பாத்திரத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

கேற் அகலத் திறந்து கிடந்தது. பூட்டு அதிலேயே தொங்கியது, திறப்பும் பூட்டின் துவாரத்திலேயே இருந்தது. கதிரையில் கொப்பி மட்டும். எதிர்வீட்டு மாமி மேலே நின்று, "கொம்மா சந்தைக்குப் போட்டா" என்றார். அப்பா அறிந்தால் அம்மாவுக்கு என்ன நடக்கும் என்று பயந்தேன். அம்மாவின் பிழையை மறைப்பதென்றால் ஒரே வழிதான். கேற்றைப் பூட்டி, திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கதிரையில் ஏறி இருந்தேன்.

சிறிது நேரத்தில் அக்கா படியால் இறங்கி வந்தார். கையில் ஒரு தோல் பெட்டி. வெளியூர் போகும்போது உடுக்கும் சேலை. என்னைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"நீ சின்னம்மா வீட்ட போகேல்லையோ?"

"அவை வீட்டில இல்லை."

"கொம்மா?"

"சந்தைக்கு. துண்டு இருக்கோ அக்கா?"

அவர் மேலே மாடி விறாந்தைகளைப் பார்த்தார். பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னார். "பிள்ளை, எனக்குக் கோச்சிக்கு நேரமாச்சு. திற."

"துண்டு வேணும். அண்ணையின்ர கையெழுத்து."

"நான் எழுதித் தாறன். என்ர கையெழுத்து வைக்கிறன்."

நான் கொப்பியின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அதில் அவருடைய கையெழுத்து இல்லை. அவர் பூட்டில் கை வைத்தார். நான், "கீழ்வீட்டு ஐயாவைக் கூப்பிடட்டோ?" என்றேன். வெருட்டவில்லை. இரவு வேலை முடிந்து வீட்டில் இருந்த அவர் வந்தால் உண்மையிலேயே ஒரு வழி சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"வேண்டாம். சத்தம் போடாதை." பெட்டியைத் திறந்து ஒரு பெரிய கடித உறையை எடுத்தார். "பெட்டி கிடக்கட்டும். இதை மட்டும் கொண்டு போறன். இதில என்ர சான்றிதழ்கள் இருக்கு. இது இல்லாமல் எனக்கு ஒரு இடத்திலயும் வேலை தரமாட்டினம்."

துறைமுக வாசலில் கடுதாசிதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விசயம் என்று அப்பா அடிக்கடி சொல்வார். இரும்பு போனால் இரும்பு வாங்கலாம், கடுதாசி போனால் வாங்க ஏலாது. நான் அதை அப்படியே அக்காவுக்குச் சொன்னேன்.

"ஓம்" என்றார் அக்கா. "வாங்க ஏலாதுதான்."

தூரத்தில் ஸ்டேசனில் கோச்சி ஊதியது. புறப்படும் ஊதலா, ரயில் பெட்டிகளை மாற்றிக் கோர்க்கும் ஊதலா என்று தெரியாது. அக்கா உறையைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை என் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். "ஆள் போகலாந்தானே?" என்று கேட்டார். போகலாம் என்று கேற்றைத் திறந்துவிட்டேன். அவர் வெறுங்கையோடு போனார். முதலில் நடந்தார், திருப்பம் வந்ததும் ஓடினார். நான் கேற்றைப் பூட்டிவிட்டு, கொப்பியில் நேரத்தையும் 'மேல்வீடு, தோல் பெட்டி ஒன்று, துண்டு இல்லை' என்பதையும் மையால் எழுதினேன். வெயில் காயத் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்த கீழ்வீட்டு ஐயா அதை வாசித்து, "கொப்பற்ற பிள்ளைதான்" என்று அப்பாவை மெச்சி என் தலையில் தட்டினார்.

அம்மா சந்தைப் பையோடு வந்தார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"அக்கா எங்க?"

"போட்டா."

"கையில என்ன கொண்டு போனவ?"

"ஒண்டுமில்லை" என்றேன். என் குரலில் பெருமை இருந்திருக்கவேண்டும்.

அம்மா படியில் இருந்துவிட்டார். பெட்டியை எங்கள் வீட்டுக்குள் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். கொப்பியில் எழுதிவிட்டேன், ஐயாவும் பார்த்துவிட்டார் என்றேன். ஐயா பத்தடி தள்ளி வெயிலில் இருந்தார். அம்மா என் கையிலிருந்து கொப்பியை வாங்கி மூடினார். தன் பிழை வெளியில் வந்துவிட்டதென்று கோபம் என்று நினைத்தேன். அக்கா போவதற்காகவே அம்மா அன்று கதிரையை வெறுமையாக விட்டு, என்னையும் அனுப்பிவிட்டு, பத்துப் பேர் காணச் சந்தையில் நின்றார் என்பதை அறிய எனக்குக் கலியாணம் ஆகும்வரை காலம் எடுத்தது.

பின்னேரம் சீனன்குடா பஸ் வந்தது. அக்காவின் கணவர் கையெழுத்து வைத்துப் பெட்டியைப் பொறுப்பெடுத்தார். அந்தக் கையெழுத்தையும் நான் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. மறுநாள் மேலிருந்து கடுதாசி எரிந்த கரி பறந்து வந்து எங்கள் கொடியில் காய்ந்த உடுப்புகளில் ஒட்டியது. அம்மா எல்லாவற்றையும் மறுபடி தோய்த்தார். அப்பா அந்தக் கிழமை முழுவதும் துறைமுகத்தில் என்னைப் பற்றிச் சொல்லித் திரிந்தாராம். பத்து வயதுப் பிள்ளை ஒரு துரும்பைக்கூட வெளியே விடவில்லை என்று.

அடுத்த மழைக்காலத்தில் அம்மாவுக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அம்மா அதைக் குசினிக்குள் நின்று வாசித்தார்.

"அக்கா உன்னைச் சுகம் கேட்டிருக்கிறா. உன்னை ஏசவேண்டாமாம்."

"அவ எங்க இப்ப?"

"கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில."

"படிப்பிக்கிறாவோ?"

"இல்லை. அங்க பிள்ளையளுக்குச் சமைக்கிறா" என்று சொல்லி, அம்மா கடிதத்தை அடுப்பில் வைத்தார்.

படிப்பிப்பதைவிட அக்காவுக்குச் சமையலில் இவ்வளவு விருப்பம் இருந்தது எனக்கு இதுவரை தெரியாமல் போய்விட்டதே என்று நான் நினைத்துக்கொண்டேன்.