நூற்றுப் பதினெட்டாம் நம்பர் கோட்டு

கம்பெனியில் அயர்ன் போடுகிற மயிலாளின் யூனிபார்ம் கோட்டுப் பையில் ஒரு நாள் காலையில் தீப்புண் களிம்பு ஒரு டியூப் இருந்தது. முந்தின நாள் ஸ்டீம் அயர்ன் பட்டு மணிக்கட்டு வெந்ததை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வைத்தது யாரென்று கேட்டதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்யப்பிரியா மட்டும் தலை தூக்காமல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

சத்யப்பிரியா கோயமுத்தூர்க் காலேஜில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண். அப்பா மருதாசலம் பனியன் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் கட்டிங் மேசை மேலேயே சாய்ந்து உயிர் விட்டவர். "கூட நின்ன ஆறு பேருக்கும் தெரியலீங்க்கா, அவருக்கே தெரியலை" என்பாள். அதற்காகவே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சென்சார் செய்தாள். இந்த நெருப்பெரிச்சல் பனியன் கம்பெனியில் அயர்ன் போடுகிற நாற்பது பேர் கோட்டில், மார்புத் தையலுக்குள் வைத்துத் தைத்தாள். ஒயர் கிடையாது, பட்டை கிடையாது. போட்டவர்களுக்குப் போட்ட நினைவே வராது. நெஞ்சுத் துடிப்பும் உடம்புச் சூடும் காற்று வழியாக அவள் லேப்டாப்புக்குப் போய்விடும்.

"எது யாருதுன்னு ஆபீசுக்குத் தெரியாதுங்க்கா" என்று சொல்லித்தான் தைத்தாள்.

சனிக்கிழமை எல்லாக் கோட்டும் ஒன்றாகத் துவைக்கப் போகும். திரும்பும்போது ஆள் மாறி வந்தன. வெட்டின துணி கலக்காமல் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டுகிற வீட்டில் வளர்ந்த கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு கழுத்துக்குள்ளும் அவரவர் கம்பெனி டோக்கன் நம்பரை சத்யப்பிரியா ஒட்டிவிட்டாள். வாராவாரம் ஆபீசுக்குக் கொடுத்த சார்ட்டிலும் அந்த நம்பரே ஏறியது.

ஆடிக் கிருத்திகை வந்தது. அன்றைக்கு மயிலாள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடமாட்டாள். நாள் முழுக்க அயர்ன் ஆவிக்கு முன்னால் நின்றாள். சாயங்காலம் நெஞ்சு அடித்துக்கொண்டது. 'முருகா' என்று மேசையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரச் சார்ட்டில் அவள் நம்பர் நூற்றுப் பதினெட்டுக்கு நேராகச் சிவப்பு.

திங்கட்கிழமை மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி அவளை கேட்டிலேயே நிறுத்தினார். "உங்களுக்கு நெஞ்சுல கோளாறுங்கம்மா. மெஷின் சொல்லுது. இனி ஊட்டுல ரெஸ்ட் எடுத்துக்குங்க."

பதினோரு வருஷ வேலை, மரியாதை கெடாமல் போயிற்று. மயிலாள் சத்யப்பிரியாவுக்குப் போன் போட்டாள். "களிம்பு வெச்ச கைதானே கண்ணு நம்பரையும் ஒட்டுச்சு?"

மத்தியானத்துக்குள் சத்யப்பிரியா பஸ் பிடித்து வந்துவிட்டாள். மயிலாளையும் கூட்டிக்கொண்டு நேராக அயர்ன் மேசைகளுக்கு நடுவே போய் நின்றாள். மேனேஜர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, உங்க மெஷினை நம்பினது தப்புங்களா?"

"அன்னிக்குக் கிருத்திகைங்க. அவங்க விரதம்."

"விரதம்னு மெஷினுக்குத் தெரியுங்களா?"

"தெரியாதுங்க. மனுசருதான் கேக்கோணும். நீங்களும் கேக்கலை, சிவப்பைப் பாத்துட்டு நானுங் கேக்கலை." பக்கத்தில் நின்றவர் கோட்டுக் கழுத்தைத் திருப்பி நம்பரைக் காட்டினாள். "நம்பர் ஒட்டுனது என் தப்புங்க. அதை வெச்சு ஆளை வெளிய தள்ளுனது உங்க தப்பு. வியாழக்கிழமை சரக்கு வாங்கற பையர் வர்றாங்கல்ல, இதே மேசைகிட்ட நின்னு ரெண்டையும் சொல்லிப்போடறேன்."

"டாக்டர் பட்டம் வேண்டாமாட்ட இருக்குது" என்றார் அவர், சிரித்தபடி.

"எங்கப்பனைக் காப்பாத்தாத பட்டம் எதுக்குங்க?"

அவர் சிரிப்பு நின்றது. சுற்றி நாற்பது அயர்னும் ஓடாமல் நின்றிருந்தன. வியாழக்கிழமைக்குள் ஏற்றவேண்டிய சரக்கு மேசைமேல் கிடந்தது.

"போய் மேசையில நில்லுங்கம்மா" என்றார், மயிலாள் முகத்தைப் பார்க்காமல்.

அதற்கப்புறமும் சத்யப்பிரியா விடவில்லை. நூல் வெட்டுகிற ட்ரிம்மரை எடுத்து ஒவ்வொரு கோட்டாகத் தையலைப் பிரித்தாள். நாற்பது சென்சார், இரண்டு வருஷ உழைப்பு, பழைய டிபன் டப்பாவுக்குள் கலகலவென்று விழுந்தன. நூற்றுப் பதினெட்டைப் பிரிக்கும்போது மயிலாள் உதவிக்குக் கை நீட்டவில்லை. கோபம் அத்தனை சுலபமாக ஆறிவிடுமா? ஆனால் கேட் வரைக்கும் கூடப் போனாள்.

பஸ் வந்தது. படியில் கால் வைத்தபடி சத்யப்பிரியா திரும்பினாள்.

"அடுத்த கிருத்திகைக்கு ஒரு டம்ளர் மோராச்சும் குடிங்க்கா. முருகன் கோவிச்சுக்க மாட்டான். இதை மெஷின் சொல்லலீங்க, நான் சொல்றேன்."