‘ஆச்சு’ன்னா ஆச்சா?

போன செவ்வாய்க்கிழமை காலை என் செல்போன் என்னைப் பாராட்டியது.

‘அருமை! உங்கள் குழுவுக்கு ஒரு வேலைகூட பாக்கி இல்லை’ என்று இங்கிலீஷில் ஒரு வாசகம். அதைச் சுற்றிக் கலர் காகிதத் துண்டுகள் பறப்பது போல ஒரு படம் வேறு.

அப்போது நான் திருப்பதியில் ஒரு கண் டாக்டரின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அம்மா. எங்கள் டோக்கன் எட்டு. உள்ளே போயிருந்தது ஆறு. சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று ‘அம்மா – கண் செக்கப்’ என்ற கார்டை விரலால் தள்ளி, முடிந்த வேலைகளின் கட்டத்தில் போட்டேன். அதற்குத்தான் இந்தப் பாராட்டு.

இந்த ஆப்பை உங்களுக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன் இதே பக்கத்தில் அதைப் பற்றி அளந்து தள்ளியவள் நான்தான். உங்களில் பல பேர் ஆப்பின் பெயர் கேட்டு எழுதினீர்கள். நானும் பெருமையாகப் பதில் போட்டேன். இந்த வாரம் எழுதுவது அதற்கான மன்னிப்பு.

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். போன வாரம்வரை அம்மா ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் தனியாக இருந்தாள். எழுபத்திரண்டு வயது. பக்கத்துத் தெரு பவர்லூம்காரருக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் வேலையையும் விடாமல் பார்த்துவந்தாள். அண்ணன் அமெரிக்காவில் சாஃப்ட்வேர். தம்பி சேகர் தடா பக்கத்தில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. அங்கேயே நாலு பேரோடு ரூம், வார லீவுக்குத்தான் ஊருக்கு வருவான். நான் கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. தொண்ணூறுகளுக்குப் பிறகு எங்கெங்கோ வேலைக் கதவுகள் திறந்தன என்கிறார்கள். எங்கள் தெருவில் மட்டும் ஒன்றும் திறக்கவில்லை. நாங்கள்தான் கிளம்பினோம்.

அம்மாவுக்குக் கண்ணில் பிரஷர். க்ளாக்கோமா என்பார்கள். வலி கிடையாது, சிவக்காது. ஓரத்திலிருந்து பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வரும். தினமும் சொட்டு மருந்து விட்டால் அங்கேயே நிறுத்தி வைக்கலாம். விடாவிட்டால்… போனது போனதுதான். அம்மாவின் இடது கண்ணில் முக்கால்வாசிப் பார்வை அப்போதே போயிருந்தது. அந்த மருந்து நகரியில் சட்டென்று கிடைக்காது. கடையில் சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும்.

யார் சொல்லி வைப்பது? நான் தம்பி என்று நினைப்பேன், தம்பி நான் என்று நினைப்பான். இதைக் கேட்டுத்தான் அண்ணன் வீடியோ காலில் வந்தார். அவர் ஆபீஸில் நாற்பது பேரின் வேலையையே இந்த ஆப்தான் பார்த்துக்கொள்கிறதாம். ஒரு அம்மா எம்மாத்திரம்?

“பாரும்மா, சாஃப்ட்வேருக்கு ஏத்த மாதிரி நீ மாறக் கூடாது. உன் வேலை எப்படி ஓடுதோ, அதுக்கு ஏத்த மாதிரி சாஃப்ட்வேரை மாத்திக்கணும். அதான் சீக்ரெட்” என்றார்.

மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். கேஸ் புக்கிங் ஒரு கார்டு, வீட்டு வரி ஒரு கார்டு, பி.பி. செக்கப் ஒரு கார்டு. சொட்டு மருந்து கார்டு மாதம் பிறந்தால் தானாகவே முளைக்கும், பொறுப்பு தம்பி. அவசரத்துக்குச் சிவப்பு என்றார் அண்ணன். எது அவசரமில்லை? ஒரே வாரத்தில் எல்லாமே சிவப்பாகிவிட்டது. கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி மின்னியது.

‘அம்மாவுக்கு ஃபோன்’ என்றுகூட ஒரு கார்டு போட்டேன். திங்கள் நான், புதன் தம்பி, சனி அண்ணன். அதற்கு முன்னால் தினமும் உப்புமா கிளறிக்கொண்டே அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தவள் நான். கார்டு வந்த பிறகு, புதன்கிழமை பச்சை டிக்கைப் பார்த்தால் மனசுக்கு ஒரு நிம்மதி. அப்பாடா, சேகர் பேசிட்டான். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கடைசியாக, கட்டங்களின் பெயர். ஆப்பில் மூன்று கட்டம் உண்டு. டு-டூ, டூயிங், டன். தமிழில் பத்தி எழுதுகிறவள் வீட்டில் இங்கிலீஷ் கட்டமா? நம் வாயில் வரும் பேச்சையே வைத்தேன். ‘பண்ணணும்’, ‘பண்ணிக்கினு கீறோம்’, ‘ஆச்சு’. தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். “இதுதாங்கா நம்ப ஆப்பு!” என்றான். அண்ணனும் ஆர்ட்டின் போட்டார். அப்போது எனக்கு இருந்த கர்வம் இருக்கிறதே!

சரி, டாக்டர் அறைக்கு வருவோம். எட்டாம் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். முகம் மாறியது. “மந்து ரோஜூ வேஸ்துன்னாரா?” என்றார். தினமும் மருந்து விடுகிறீர்களா என்று கேட்கிறார்.

நான் முந்திக்கொண்டேன். மாதா மாதம் தவறாமல் வாங்குகிறோம் என்று சொல்லி, செல்போனைத் திறந்து வரிசையாகப் பச்சை டிக்குகளைக் காட்டினேன். ஸ்கூல் பிள்ளை ப்ராக்ரஸ் கார்டு நீட்டுவது போல.

“லேது சார்” என்றாள் அம்மா. “மூடு நெலலுகா லேது.”

இல்லை. மூன்று மாதமாக இல்லை.

“இன்னாம்மா சொல்ற? மருந்து தீந்துப்போச்சுன்னு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“இன்னாத்த சொல்றது? நீதானே மே சொன்ன, உன் விஷயம்லாம் எங்க ஃபோன்லயே தெரியும், நீ ஒண்ணியும் ஞாபகம் வெச்சிக்க வாணாம்னு. பாட்டிலு காலியாயிடுச்சி. நீங்கதான் பாத்துக்கினே கீறீங்களே… போதும்னு மருந்த நிறுத்திட்டீங்க போல கீதுன்னு நெனச்சிக்கினேன்.”

நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம் என்று நம்பியிருக்கிறாள். மூன்று மாதமாக, ஒவ்வொரு நாளும்.

வராண்டாவுக்கு வந்து தம்பிக்கு ஃபோன் போட்டேன். “சேகர், அம்மாவுக்குச் சொட்டு மருந்து வாங்கினியாடா?”

“ஆச்சேக்கா.”

“எப்ப வாங்கின?”

“கடைக்காரனுக்கு ஃபோன் பண்ணி சொன்னேங்கா. அவன் ‘ஒச்சேசிந்தண்ணா, ரேப்பு இச்சேஸ்தா’ன்னான். கம்பெனி பஸ்ல போய்க்கினே ஆச்சுல போட்டுட்டேன். லீவுல போய் வாங்கிக்கலாம்னு இருந்தேன். அப்பறம் அந்தக் கார்டு கண்லயே படலக்கா…”

“மூணு மாசமுமா?”

அவன் அழுகிற சத்தம்தான் கேட்டது.

கடைக்காரர் சொன்னதைக் கவனித்தீர்களா? ‘வந்துடுச்சு அண்ணா, நாளைக்குக் கொடுத்துடறேன்.’ வந்துவிட்டது… ஆனால் நாளைக்கு! அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாம் எல்லோரும் அப்படித்தானே பேசுகிறோம்? “சோறு ஆச்சா?” என்றால் “ஆச்சு, ஆச்சு” என்று பதில் வரும், உலை கொதித்திருக்காது. “கிளம்பிட்டியா?” என்றால் “வந்துட்டேன்” என்போம், கையில் சட்டைகூட இருக்காது. எல்லையில் இரண்டு பாஷை இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் தமிழும் தெலுங்கும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. செய்யப்போவதைச் செய்ததாகச் சொன்னால் கேட்கிறவர் மனசு குளிரும். அது பொய் என்றே நமக்குத் தோன்றாது.

அந்தக் கட்டத்துக்கு ‘டன்’ என்றே பெயர் இருந்திருந்தால்? சேகரின் ஃபேக்டரியில் மெஷின் செக்லிஸ்ட் உண்டு. அதில் பார்க்காமல் அவன் ஒரு டிக் போட்டதில்லை. போட்டால் சீட்டு கிழிந்துவிடும். ‘டன்’ என்றால் அவனுக்கு அந்தப் பயம் வந்திருக்கும். ‘ஆச்சு’ என்றால் வீட்டு நினைப்புதான் வரும். அந்தப் பெயரை வைத்தவள் நான். வாசலில் உட்கார்ந்து, டோக்கனைக் கூப்பிடுவதற்குள் செக்கப் முடிந்ததாகத் தள்ளியவளும் நான்தானே?

சாஃப்ட்வேரை நமக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். தாராளமாக. ஆனால் அது நம் வேலையை மட்டுமா கற்றுக்கொள்கிறது? நம் சால்ஜாப்பையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது.

திரும்ப உள்ளே போனேன். டாக்டர் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். “எடம கண்ணு பொயிந்தம்மா. திரிகி ராது.”

இடது கண் போய்விட்டது, திரும்பி வராது. அன்றைக்கு நான் கேட்டதிலேயே அந்த ஒரு வாக்கியத்தில்தான் இறந்தகாலம் நிஜமாகவே இறந்தகாலமாக இருந்தது. வலது கண்ணையாவது காப்பாற்றலாம், ஒரு நாள்கூட மருந்து தவறக் கூடாது என்றார். அம்மா தலையை ஆட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நூலு சுத்தறதுக்கு ஒரு கண்ணு போதும் வுடு மே. சேகர திட்டாத, ஷிஃப்ட்டு வேல” என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வராண்டாவில் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்று அழுதேன். நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அம்மாவை என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். “தறிக்காரரு தேடுவாரு” என்று இரண்டு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு சொல்லவில்லை. சொட்டு மருந்தை நானே விடுகிறேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிக் காட்டுகிறாள். எந்தக் கண் என்று ஒவ்வொரு தடவையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் விடுகிறேன்.

மறுநாள் காலை அண்ணன் கூப்பிட்டார். குரல் கரகரவென்று இருந்தது. தூங்கியிருக்க மாட்டார். ஆனால் அவருக்கு அழத் தெரியாது, ரிப்பேர் பண்ணத்தான் தெரியும்.

“இனிமே பாட்டிலை போட்டோ எடுத்து ஏத்தினாத்தான் கார்டு நகரும். அப்ரூவல் ஸ்டெப் ஒண்ணு வெச்சுடறேன். எனக்கும் உனக்கும் சேகருக்கும் அலெர்ட் வரும். மூணு பேர் ஓகே பண்ணணும். இனிமே தப்பாது.”

“அண்ணா, அந்த ஆப்புல மெம்பருங்க யாரு யாரு?”

“நாம மூணு பேரும்தான்.”

“அம்மா?”

அமெரிக்காவில் யாரோ காரை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது.

“அம்மாவை எப்படிச் சேர்க்கறது? அவங்ககிட்ட பட்டன் ஃபோன்தானேம்மா இருக்கு?” என்றார்.

வாஸ்தவம்தான். அம்மாவிடம் இருப்பது ஒரு பட்டன் ஃபோனும் மூன்று பிள்ளைகளும்தான்.