நேர்த்தி என்று சொல்லி நடந்தது

எனக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் ஊரே சேர்ந்து என்னைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டது. மன்னாரில் எங்கள் கடற்கரைப் பக்கம் வருத்தக்காரனுக்கு உள்ள ஒரே வேலை சும்மா இருப்பது. மீன் சொதி வரும், முட்டைக் கோப்பி வரும், கால் நீட்ட ஒரு வாங்குப் பலகையும் வரும்.

பெரியாஸ்பத்திரியின் டொக்டர் அம்மாவோ வேறு மாதிரிச் சொன்னார். மருந்து ஏற்றும் காலத்தில் தசை கரைந்துபோகுமாம். வேலை செய்கிற தசை சர்க்கரையை எரித்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறதா என்று ஆராய்ச்சி செய்கிறார்களாம். அதில் என்னையும் சேர்த்தார்.

"ஒவ்வொரு நாளும் மூச்சு வாங்க நடவுங்கோ ஐயா. இப்பிடியே மெலிஞ்சால் மருந்தைக் குறைக்க வேண்டி வரும்."

குறைத்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. பயமாக இருந்தது.

அன்று பின்னேரமே நடக்க இறங்கினேன். சந்திக்குப் போகுமுன் மனைவியின் தம்பி ஆட்டோவை நிறுத்தினான்.

"என்ன அத்தான், இந்த உடம்போட நடக்கிறியளோ? ஏறுங்கோ."

ஆராய்ச்சி என்றேன்.

"அதை வீட்டில இருந்து செய்யுங்கோவன்" என்று கையைப் பிடித்து ஏற்றினான்.

மறுநாள் மீன் லொறி மறித்தது. அதற்கடுத்த நாள் கடைக்கார நானா கதிரையைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கே வந்துவிட்டார். இந்தத் தீவில் என்னை என்பாட்டில் நடக்கவிட்டவை றோட்டில் திரியும் கழுதைகள் மட்டும்தான்.

எரிச்சலில், மறுபடி ஆட்டோவோடு வந்த மச்சானிடம் ஒரு பொய் சொன்னேன். "மாதாவுக்கு நேர்த்திக்கடன். நடந்துதான் தீர்க்க வேணும்."

அவன் எஞ்சினை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொண்டான். நேர்த்திக்காரனை வண்டியில் ஏற்ற எங்கள் ஊரில் எவனுக்கும் துணிவு வராது.

ஆனால் அடுத்த பின்னேரம் நாலைந்து பெண்கள் செபமாலையோடு என் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். குடையோடு என் மனைவியும் வந்தாள். எனக்கு மூச்சு வாங்க வேண்டும், அவர்களோ ஆமை வேகம். கொஞ்சம் எட்டி வைத்தால் அதட்டல் வரும்.

"மாதா என்ன பஸ்ஸே, விட்டிட்டுப் போக? ஆறுதலா நடவுங்கோ."

நான் ஆறுதலாக நடப்பதும், அவர்கள் கண் மூடிச் செபிக்கும் நேரம் பார்த்துப் பாய்ந்து நடப்பதுமாக அந்த மாதங்கள் போயின.

கடைசி மருந்துக்கு முன் தொடையை அளந்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். தசை பெரிதாகக் கரையவில்லை, முழு மருந்தும் ஏற்றலாம் என்றார் டொக்டர் அம்மா. அது நடையால்தானா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். எதால் என்றாலும் எனக்குச் சந்தோசம்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்: "அந்த நேர்த்தி சும்மா சொன்ன பொய். இனி நீ வெயிலுக்குள்ள வர வேண்டாம்."

"அது பொய்யெண்டு எனக்கு முதலே தெரியும்" என்றாள். "நான் நேர்ந்தது பொய்யில்லை. உங்களுக்குச் சுகம் வரும்வரைக்கும் செருப்பில்லாமல் நடக்கிறதெண்டு."

அப்போதுதான் அவளுடைய பாதங்களைப் பார்த்தேன். குதிக்கால் முழுக்க வெடிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இப்ப ஏன் அழுறியள்?" என்றாள். "நாளைக்கெண்டாலும் கெதியா எட்டி நடவுங்கோ. றோட்டுச் சுடுது."