கல்யாணம் இல்லாத பட்டுப்புடவை

இன்று மாலை பெசன்ட் நகர் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஓர் அக்கா. மயில்கழுத்து நிறத்தில் அகலமாக ஜரிகை போட்ட பட்டுப்புடவை.

"எந்த மண்டபம்க்கா?" என்று கேட்டேன்.

"மண்டபமெல்லாம் இல்லம்மா. பீச்சுக்குப் போய்க்கினு இருக்கேன்."

"பட்டுப்புடவையிலயா?"

"என் தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்தது. அன்னிக்கு வந்தவங்க எல்லாரும் இன்னா விலைன்னுதான் கேட்டாங்க. நானும் பெருமையா சொல்லிக்கினே இருந்தேன். புடவைய யாருமே பாக்கல. நானும்தான் பாக்கல. அதான் இன்னிக்கு காத்தாட உக்காந்து பாக்கலாம்னு."

அடையாறு சிக்னலில் பஸ் திரும்பியதும் வெயில் அவர் மடியில் விழுந்தது.

நீலம் பச்சையானது. அந்தப் பச்சைக்குள்ளிருந்து வேறொரு நீலம் எழுந்தது. ஜரிகையின் வெளிச்சம் பஸ்ஸின் கூரையில் போய் அலையடித்தது. அவர் முந்தானையை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார், யாரோ அப்போதுதான் கையில் கொடுத்ததுபோல. நானும் கண்ணெடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இறங்கும்போதுதான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, இது என்ன விலை?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நீயும் கல்யாணத்துக்கு வந்தவதானா?"

உண்மையைச் சொல்லுங்கள், நீங்கள் கேட்காமல் இறங்கியிருப்பீர்களா?