பிள்ளைக்காம்பராவுக்கு வந்த டெரியர்

நான்கைந்து வருடங்களுக்கு முன்னால், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரத்தில் ஆரம்பித்த கதை இது. பண்டாரவளையிலிருந்து கொஸ்லந்தைக்குப் போகிற பாதையோரம் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா பார்ப்பது என் வேலை. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் காலையில் குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பால் கலக்கிக் கொடுப்பது, தொட்டில் ஆட்டுவது, துணி மாற்றுவது என்று மாலை வரைக்கும் எனக்குச் சரியாக இருக்கும்.

மழை தொடங்கினால் எங்கள் பக்கம் எலிகள் எல்லாம் மலையை விட்டு வீட்டுக்குள் வந்துவிடும். அந்த வருடம் ரொம்ப மோசம். ஒரு நாள் பாயில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை வீறிட்டு அழுதது. ஓடிப்போய்ப் பார்த்தால் கால் பெருவிரலில் இரத்தம். எலி கடித்திருந்தது. அடுத்த நாள் தாய்மார் பாதிப் பேர் வேலைக்குப் போக மாட்டோம் என்று வாசலில் நின்றுவிட்டார்கள். தோட்டத்து ஆபீஸிலிருந்து எலிமருந்து வைக்கச் சொன்னார்கள். தரையில் கிடப்பதை எல்லாம் எடுத்து வாயில் போடுகிற பிள்ளைகள் தவழ்கிற இடத்தில் எப்படி மருந்து வைப்பது? முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம்தான் தோட்டத்து மனேஜரான பெரிய துரையின் மனைவி பிள்ளைகளுக்குப் போர்வை கொண்டுவந்தார். கூடவே அவருடைய நாயும் வந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. வெள்ளை உடம்பு, ஒரு கண்ணைச் சுற்றிப் பழுப்பு, முதுகில் வட்டமாக ஒரு பழுப்புப் பொட்டு. அதனால் அதற்குப் பெயர் பட்டன். ஜாக் ரஸல் டெரியர் என்று அந்த அம்மா சொன்னார். உள்ளே வந்த நாய் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் பால்மா வைக்கிற மாப்பெட்டிக்குப் போனது, தரையோடு தரையாகப் படுத்து மூக்கை இடுக்கில் நுழைத்தது, அப்படியே உறைந்து நின்றது. நான் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்தினேன். ஒரே பாய்ச்சல், ஒரே உதறல். எலியின் கழுத்து ஒடிந்து கிடந்தது. நாய் அதைத் தின்னவில்லை. கொண்டுவந்து எங்கள் காலடியில் போட்டுவிட்டு, அடுத்தது எங்கே என்பதுபோல் பார்த்தது.

அன்றிலிருந்து அந்த அம்மா தினமும் கொஞ்ச நேரம் பட்டனை அனுப்பி வைத்தார். சில மாதங்களில் துரைக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. அங்கே மாடி வீடு, இந்த நாயைப் பூட்டி வைத்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சொல்லி, என்னிடமே அதை ஒப்படைத்தார். கொடுக்கும்போது அவர் கண் கலங்கியது. எப்படி வளர்க்க வேண்டும் என்று ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்.

இது மடியில் வைத்துக் கொஞ்சுகிற நாய் இல்லை என்றார். பொந்துக்குள் போய் நரியையும் எலியையும் விரட்டுவதற்காகவே வளர்த்த சாதியாம். காலையும் மாலையும் நன்றாக ஓட விட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டையே பிய்த்துப் போடும். மூக்கு தரையில் பட்டுவிட்டால் காது கேட்காது, அதனால் பெரிய ரோட்டுப் பக்கம் கயிறு இல்லாமல் விடக் கூடாது. தன் உடம்பு சின்னது என்று அதற்குத் தெரியாது, பெரிய நாயோடும் பன்றியோடும் மல்லுக்கு நிற்கும், நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். குட்டை முடி என்றாலும் நிறையக் கொட்டும், அடிக்கடி பிரஷ் போட வேண்டும். தேயிலைக்குள் போய் வந்தால் காதுக்குப் பின்னால், விரல் இடுக்கில், வாலடியில் உண்ணி பார்க்க வேண்டும். நனைந்தால் துவாயால் துடைத்துக் காய வைக்க வேண்டும். கடைசியாக, மருந்து வைத்திருக்கிற இடத்துக்கு இதை மறந்தும் விட்டுவிடாதே என்றார். மற்ற நாய் போகாத இடுக்குக்கும் இது போகும் என்றார்.

சொன்னது எல்லாமே சரியாக இருந்தது. முதல் வாரமே என் வீட்டுக்காரரின் சப்பாத்து ஒன்றைக் கடித்துக் குதறியது. அவர் பண்டாரவளையில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறார், முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அன்றைக்கு ரப்பர் செருப்போடு போனார். நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைப் பட்டன் காலால் பறித்துத் தோண்டத் தொடங்கியதும் லயமே சண்டைக்கு வந்தது. லயங்களையே ஆட்களோடு புதைத்த மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் மேட்டில் ஒரு மண்வெட்டி போடவே பயப்படுவார்கள். நியாயமான பயம். அதனால் மேட்டுப் பக்கம் தகரம் அடித்தோம். நான் காலையில் வெள்ளனவே எழுந்து அதைக் கோயில் வரைக்கும் ஓட வைத்துக் கூட்டி வந்தேன். பழைய டயர்த் துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். அதைப் பிடித்து இழுப்பதே அதற்குப் பெரிய விளையாட்டு. மெல்ல மெல்ல எங்களோடு பழகியது. தொட்டில் பக்கம் மட்டும் அது ஒரு நாளும் சேட்டை செய்ததில்லை. பிள்ளைகள் தூங்கும்போது வாசலில் தலையை வைத்துப் படுத்திருக்கும், கண் மட்டும் மாப்பெட்டியில் இருக்கும்.

நாய் வந்த பிறகு தாய்மாரைக் கூப்பிட்டுப் பேசினேன். இந்த நாய் இருக்கும் வரை யாரும் மருந்து வைக்க வேண்டாம், கட்டாயம் வைக்கத்தான் வேண்டும் என்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், அன்றைக்கு நாயைக் கட்டிப் போடுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். முதலில் வாய் திறந்து சரி என்றவள் பக்கத்துக் கடைக்காரரின் மனைவி. அவளுடைய கடைசிப் பிள்ளையும் என்னிடம்தான் வளர்ந்துகொண்டிருந்தது. "நம்ம பிள்ளைங்களுக்காகத்தானேக்கா, யாரு வைப்பா?" என்றாள்.

அவர்களுடைய கடை லயத்தின் ஓரத்தில், பிள்ளைக்காம்பராவை ஒட்டி இருந்தது. அரிசி, மா, பருப்பு, கருவாடு எல்லாம் பின் அறையில் அடுக்கியிருப்பார்கள். அவர்களுக்கும் பட்டன் பெரிய உதவி. வாரத்தில் ஒரு நாளாவது அவள் வந்து, "அக்கா, அதைக் கொஞ்சம் விடுங்களேன்" என்று கூட்டிப் போவாள். அடுத்த மழைக்காலத்தில், தீபாவளிக்குச் சாமான் இறக்கியிருந்த நேரம், பட்டன் எலியைத் துரத்திப் போய் ஒரு மா மூட்டையைக் கிழித்துவிட்டது. கடைக்காரருக்குக் கோபம். அதிலிருந்து கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தீபாவளி முடிந்த பிறகு பட்டன் சோர்ந்து போனது. கயிற்றை எடுத்தாலே துள்ளுகிற நாய், எழுந்து வரவில்லை. டயர்த் துண்டை வாயில் கவ்விப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அடுத்த நாள் இருமியது. மூக்கில் இரத்தம் கசிந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. பிள்ளைகளை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, அதைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பண்டாரவளைக்கு ஆட்டோவில் போனேன்.

மிருக வைத்தியர் ஒரு இளம்பெண். யாழ்ப்பாணத்துப் பேச்சு. நிதானமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். காதுக்குப் பின்னால் இருந்து ஒரு உண்ணியை எடுத்துக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டிலையோ பக்கத்திலையோ எலிமருந்து ஏதும் வைச்சவையோ? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிமருந்துக்கும் வெளியே தெரிகிற அடையாளம் ஏறத்தாழ ஒன்றுதான் என்று விளக்கினார். இரண்டிலும் இரத்தம் கசியும், ஈறு வெளுக்கும். ஆனால் வைத்தியம் வேறு. எலிமருந்து என்றால் அதற்கு மாற்று ஊசி உண்டு. அவரிடம் கைவசம் இல்லை, பதுளையிலிருந்து எடுப்பிக்க வேண்டும், உடனே சொன்னால் பின்னேரத்துக்குள் வந்துவிடும். இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினால் முடிவு வர நேரமாகும். அதுவரை நாய் தாங்குமா என்று தெரியாது.

நான் யாரும் மருந்து வைக்கவில்லை என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் கேட்டுவிடுவோம் என்று அங்கிருந்தே கடைக்காரரின் மனைவிக்குப் போன் பண்ணினேன். லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுச் சொல்லச் சொன்னேன். உங்கள் கடையில் ஏதாவது வைத்தீர்களா என்றும் கேட்டேன். யாரையும் குறை சொல்வதற்காக இல்லை, எது என்று தெரிந்தால் ஊசி போட்டுக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார் என்றும் சொன்னேன். இதை எல்லாம் தெளிவாகச் சொன்னேன் என்று எனக்கு நல்ல ஞாபகம்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இல்லக்கா. நாங்க ஒன்னும் வைக்கல. லயத்துலயும் யாரும் வைக்கல" என்றாள்.

அதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். கையில் உண்ணியும் இருந்தது. அவர் உண்ணிக் காய்ச்சலுக்கு ஊசி போட்டு, மருந்து கொடுத்து, நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றார். நாளைக்குக் கொண்டுபோக நாய் இருக்கவில்லை. அன்று மாலை வீட்டு வாசலில், என் மடியிலேயே இரத்தம் கக்கிச் செத்துப் போனது. என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, கோயிலுக்குப் போகிற வழியில் குழி தோண்டிப் புதைத்தார். கடைக்காரரின் மனைவியும் வந்து நின்றாள். அழுதாள்.

கொழும்புக்குப் போன அந்த அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். உண்ணிக் காய்ச்சல் என்றதும் அவர், உண்ணி பார்க்கச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன் என்று மட்டும் கேட்டார். நான் தினமும்தான் பார்த்தேன். ஆனாலும் டாக்டர் ஒன்றை எடுத்துக் காட்டினாரே. மன்னித்துவிடுங்கள் அம்மா என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். பிறகு பல மாதம் நான் என் கையைப் பார்த்தே யோசித்துக்கொண்டிருந்தேன். எந்த நாள் அவசரத்தில் காதுக்குப் பின்னால் தடவாமல் விட்டேன் என்று.

அடுத்த வருட மழையில் எலிகள் திரும்ப வந்தன. ஒரு மாலை, பிள்ளைகளை எல்லாம் அனுப்பிவிட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரரின் மனைவி தன் பிள்ளையைக் கூட்டிப் போக வந்தவள் வாசலில் சாய்ந்து நின்று பேச்சுக் கொடுத்தாள். மா மூட்டை எல்லாம் ஓட்டையாம்.

"அந்தப் பட்டன் சாதியில ஒரு குட்டி கெடைக்குமாக்கா? அந்த அம்மாகிட்ட கேட்டுப் பாருங்களேன். மருந்துக்கெல்லாம் இப்ப எலி மசியிறதில்ல. போன மழைக்கு மூட்டைக்குப் பின்னால கருவாட்டுல கலந்து வச்சோம், ஒரு எலிகூடத் தொடல. எல்லாத்தையும்..."

அங்கே நிறுத்திவிட்டாள். நான் துணியைப் பிழியாமல் கையில் வைத்தபடியே இருந்தேன். அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கே விளங்கியது.

"அன்னைக்குப் போன்ல கேட்டேனே" என்றேன்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கடைக்காரர்தான் வைத்தாராம். மூட்டைக்குப் பின்னால் அவ்வளவு ஒடுக்கமான இடத்துக்கு நாய் எப்படிப் போகும் என்று நினைத்தார்களாம். பட்டன் பின்பக்கத்துத் தண்ணீர் ஓடுகிற கான் வழியாக, கதவுக்கு அடியில் மண்ணைப் பறித்து உள்ளே போயிருக்கிறது. மறுநாள் காலையில் கருவாடு இல்லாததையும், மாவில் அதன் கால் தடத்தையும் இருவரும் பார்த்திருக்கிறார்கள். அப்போதே தெரியும். நான் போன் பண்ணும்போதும் தெரியும்.

"இவரு பக்கத்துலயே நின்னாருக்கா. பிள்ளைக்காம்பராவ ஒட்டி மருந்து வச்சோம்னு தெரிஞ்சா கடைய மூடச் சொல்லிருவாங்கன்னு பயந்துட்டோம். நாய்தானே, எப்படியும் பொழச்சுக்கும்னு நெனச்சேன்."

நான் திட்டவில்லை. பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டு, தொப்பியை மாட்டி அவளிடம் கொடுத்தேன். அவள் போன பிறகு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றிரவு வீட்டுக்காரர் கடைக்காரரிடம் போய்க் கேட்கிறேன் என்று கிளம்பினார். கேட்டு என்ன ஆகப் போகிறது என்று நான்தான் தடுத்தேன். கொழும்பு அம்மாவிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று போன் பண்ணினேன். அந்த நம்பர் பாவனையில் இல்லை என்று சொன்னது. இன்றைக்கும் அவர் மனதில், உண்ணி பார்க்காமல் நாயைச் சாகவிட்டவள் நான்தான்.

நான் இப்போதும் அதே பிள்ளைக்காம்பராவில்தான் இருக்கிறேன். கடையும் அங்கேயே இருக்கிறது. மா, பருப்பு எல்லாம் நாங்கள் அங்கேதான் வாங்குகிறோம், பக்கத்தில் வேறு கடை இல்லை. அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள், நானும் பதில் சொல்கிறேன். மருந்து வைத்ததைக்கூட நான் ஒரு விதத்தில் மன்னித்திருப்பேன், எலித் தொல்லை எனக்கும் தெரியும். ஆனால் காப்பாற்ற வழி இருக்கிறது, ஒரே ஒரு வார்த்தை சொல் என்று நான் கேட்டபோது, போனின் அந்தப் பக்கம் இருந்த அந்தச் சின்ன மௌனத்தில் அவள் யோசித்து எடுத்த முடிவை, தினமும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.