பதினொரு வருஷப் பழைய வழக்கைத் தேடி வட லண்டனுக்கு

நாங்கள் இருப்பது பாரிஸின் வடக்குப் புறநகர் ஒன்றில். 2006 ஆம் ஆண்டில் கனடாவில் குடியேற விண்ணப்பித்திருந்தோம். முன்பு வாழ்ந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் பதிவு எடுத்து அனுப்பச் சொன்னார்கள். என் கணவர் தவம் தொண்ணூறுகளின் நடுவில் ஒன்றரை வருஷம் லண்டனில் இருந்தவர். (இனி இந்தக் கட்டுரையில் ‘இவர்’ என்று எழுதினால் அது அவர்தான். பெயர் சொல்லி எழுதிப் பழக்கமில்லை.) லண்டன் பொலிஸுக்கு எழுதிக் கேட்டோம். ஒரு வழக்கு இருப்பதாகப் பதில் வந்தது. நீதிமன்றத்தின் பெயர் இருந்தது, 1995 நவம்பர் என்று மாதம் இருந்தது, முடிவு என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

இவரிடம் கேட்டேன். ரயிலில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட கதை, தண்டம் கட்டியாயிற்று என்றார். கனடாக்காரர் அதோடு விடவில்லை. வழக்கு எப்படி முடிந்தது என்று நீதிமன்றமே முத்திரை குத்தித் தந்த கடிதம் வேண்டும் என்றார்கள். நீதிமன்றத்துக்குத் தொலைபேசி எடுத்தால், பழைய வழக்கைப் பற்றி போனில் சொல்ல முடியாது, அடையாள அட்டையோடு ஆளே வரவேண்டும் என்றார்கள். அப்படித்தான் ஒக்டோபரில் ஒரு புதன்கிழமை, பிள்ளைகளை என் தங்கையிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

பயண விபரம் தேடி வந்தவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் வடக்கு நிலையத்திலிருந்து கடலடி ரயிலில் மூன்று மணித்தியாலத்துக்குள் வாட்டர்லூ. முன்கூட்டியே எடுத்தால் போய்வர ஆளுக்கு எண்பது யூரோவுக்குக் கிடைக்கும். பிரிட்டிஷ் குடிவரவுச் சோதனை பாரிஸிலேயே நடந்துவிடும். அதிகாரி இவருடைய பிரெஞ்சுக் கடவுச்சீட்டைப் பார்த்தார், திருப்பித் தந்தார். ஒரு கேள்வியும் இல்லை. இவருடைய கை நனைந்திருந்ததைக் கடவுச்சீட்டை வாங்கி என் பையில் வைக்கும்போதுதான் கவனித்தேன். ரயிலில் சாப்பிட வாங்கிய பாணையும் இவர் தொடவில்லை.

வாட்டர்லூவிலிருந்து சுரங்க ரயிலில் ஒருமுறை மாறி செவன் சிஸ்டர்ஸ், அங்கிருந்து பஸ்ஸில் எட்மண்டன். பஸ் வாசலில் காசு கொடுத்தால் ஒரு பயணம் ஒன்றரைப் பவுண். ஒரு நாளைக்குள் மூன்று தரம் ஏறுவதென்றால் மூன்றரைப் பவுண் நாள் டிக்கெட் எடுப்பதுதான் லாபம். எட்மண்டனில் ஜெயம் அண்ணை வீட்டில் தங்கினோம். இவரும் அவரும் அந்த நாட்களில் ஒரே அறையில் இருந்தவர்கள். இப்போது அவர் தபால் பிரிக்கும் இடத்தில் ஷிப்ட் வேலை செய்கிறார். சாப்பிடும்போது ஜெயம் அண்ணை இவரைப் பார்த்து, “தவம், டிக்கெட் கேஸ் எண்டுதான் வீட்டிலை சொல்லியிருக்கிறியோ?” என்று கேட்டார். இவர் ஓம் என்று தலையாட்டினார். ஜெயம் அண்ணை மேலே ஒன்றும் கேட்காமல் எனக்கு இன்னொரு கரண்டி சொதி விட்டார்.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு முன்பே நீதிமன்ற வாசலில் நின்றோம். எந்த நீதிமன்றம் என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு விளக்கம். இங்கே சின்ன வழக்குகள் ஜூரி இல்லாத கீழ் நீதிமன்றத்தில், எந்தப் பகுதியில் பிடித்தார்களோ அந்தப் பகுதியிலேயே நடக்கும். பெரியவை ஜூரி உள்ள மேல் நீதிமன்றத்துக்குப் போகும். பதிவுகளும் அப்படியே பிரிந்துதான் இருக்கும். தப்பான இடத்தில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். கத்தரிக்கோல், நகவெட்டி கொண்டுபோகாதீர்கள்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண் இருந்தார். என்னுடைய பள்ளிக்கூட ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். பெயரைத் தட்டிப் பார்த்தார், இல்லை என்றார். எங்கள் ஆட்களுக்கு இது வழக்கம்தான். தகப்பன் பெயர் முன்னால் ஒரு இடத்தில், பின்னால் இன்னொரு இடத்தில். அன்றைக்கு லண்டனில் எழுதிய எழுத்தும் இன்றைக்குப் பிரெஞ்சுக்காரர் எழுதும் எழுத்தும் வேறு. தகப்பன் பெயரை நாலு விதமாக எழுதிக் கொடுத்துப் பிறந்த திகதியையும் சொன்னேன். திரும்பத் தேடினார். இந்த முறை திரையை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு இவரை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அவர் திரும்பி வரும்வரை நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல்களை எல்லாம் வாசித்தேன். ஒன்றும் மனதில் ஏறவில்லை. இவர் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பெண் வந்து, தடுப்பின் ஓட்டைக்குக் கிட்டக் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. குறித்த நாளில் இவர் வரவில்லை. அதனால் கைது செய்து கொண்டுவரச் சொல்லிப் பிடிவிறாந்து போட்டிருக்கிறார்கள், அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. முடியாத வழக்குக்கு முடிவுக் கடிதம் தர வழியில்லை. மேல்மாடியில் அன்றைய நாளுக்கான இலவச லோயர் ஒருவர் இருக்கிறார், நேரே அவரிடம் போங்கள் என்றார். கடைசியாக, தானாக வந்து நிற்பதற்கும் பிடித்துக் கொண்டுவருவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது என்றும் சொன்னார். நான் இவருக்குத் தமிழில் சொன்னேன். விறாந்து என்ற சொல்லை நான் சொல்லுமுன்பே இவருக்கு விளங்கிவிட்டது.

மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு நீள வாங்கு இருந்தது. அதில் போய் இருந்தோம். வாசல் எங்களுக்கு நேரெதிரே. வெளியே போகிறவர்களை யாரும் மறிக்கவில்லை. பின்னேர ரயிலுக்குப் போனால் இரவு பாரிஸ். கனடாவை மறந்துவிடலாம், அவ்வளவுதான். அந்த யோசனை எனக்குத்தான் முதலில் வந்தது.

“டிக்கெட் கேஸ் இல்லை,” என்றார் இவர். “ரெலிபோன் பொக்ஸ் ஒண்டை அடிச்சு உடைச்சனான்.”

யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்த நேரம் அது. இவருடைய தாய் தகப்பன் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாது. தங்கை மட்டும் வவுனியாவில். குறித்த நேரத்துக்கு ஒரு கடையில் வந்து நிற்பாள், இவர் லண்டனிலிருந்து அங்கே போன் எடுக்கவேண்டும். அன்றைக்கு நீண்ட நேரம் முயன்று ஒருவழியாக லைன் கிடைத்திருக்கிறது. தங்கை, ‘அண்ணா, அப்பா’ என்று தொடங்க, கையிலிருந்த கடைசி நாணயத்தையும் பெட்டி விழுங்கிவிட, லைன் அறுந்துவிட்டது. இவர் ரிசீவரால் அடித்த அடியில் பெட்டியும் கண்ணாடியும் போய்விட்டன. தெருவில் நின்ற பொலிஸ்காரர் வந்து பிடித்துக்கொண்டார்கள். நீதிமன்றத்துக்கு ஒரு நாள் குறித்து வெளியே விட்டார்கள். இது இவருடைய அகதி விண்ணப்பத்தைக் கெடுத்துவிடும் என்று யாரோ சொல்ல, அந்த நாள் வருமுன்பே பிரான்சுக்கு வந்துவிட்டார்.

“அப்ப மாமா?” என்றேன். மாமா, இவருடைய அப்பா, இன்றைக்கும் சுகமாக இருப்பவர்.

“அப்பா வந்து சேர்ந்திட்டார் எண்டு சொல்லத்தான் அவள் வெளிக்கிட்டவள். ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும். ஒண்டுமில்லாத விஷயத்துக்கு உடைச்சுப்போட்டு, பொலிஸிலை இருந்திட்டு வந்தனான். அதை உனக்கு என்னெண்டு சொல்லுறது?”

திரும்பிப் போவோமா என்று கேட்டேன். இவர் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்தார். பிறகு மணிக்கூட்டைக் கழற்றி, கைத்தொலைபேசியோடு சேர்த்து என் மடியில் வைத்தார்.

“மேலை போவம். என்னை மறிச்சாங்கள் எண்டால் ஜெயத்துக்கு ரெலிபோன் அடி. பிள்ளையளுக்கு இண்டைக்குச் சொல்லாதை.”

லோயர் முப்பது வயதைத் தாண்டாத ஒரு பெண். கேட்டதை எல்லாம் வேகமாக எழுதினார், எந்த இடத்திலும் முகம் சுழிக்கவில்லை. தானாக வந்தது நல்லது, குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றைக்கே முடிக்கப் பார்க்கலாம் என்றார். சிறைக்கு அனுப்புவார்களா என்று கேட்டேன். அனுப்பமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் உறுதி தரமாட்டேன் என்றார். வழக்கைக் கூப்பிடும்வரை அந்த நேர்மை என்னைக் கொன்றது. வேறொரு வழக்குக்காக இல்ஃபோர்டிலிருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார். அவரையே மத்தியானத்துக்குப் பிறகும் நிறுத்தி வைத்தார்கள். விறாந்து இருந்தபடியால் இவரை ஒரு காவலர் கீழே தடுப்பு அறைக்குக் கூட்டிப் போனார். படியில் இறங்கும்போது இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெயம் அண்ணைக்குப் போன் எடுத்தேன். அவர் நித்திரையிலிருந்து எழும்பி, “அழாதை தங்கச்சி, நான் வாறன்,” என்றார்.

மூன்று மணியளவில்தான் கூப்பிட்டார்கள். இவரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தினார்கள். மேடையில் நீதவான்கள் மூன்று பேர். நடுவில் இருந்த பெண்தான் தலைவர். லோயர் தொலைபேசிக் கதையைச் சொன்னார். நான் அதைக் கேட்டுச் சில மணித்தியாலம்தான், இப்போது முன்பின் தெரியாதவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரசாங்கத் தரப்பு லோயரிடம் ஒரு தாளுக்கு மேல் இருக்கவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பிறகு தங்கையோடு பேசக் கிடைத்ததா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடிக்குமுன்பே இவர் ஆங்கிலத்தில் ஓம் என்றுவிட்டார்.

மூன்று பேரும் உள்ளே போய் வந்தார்கள். உடைத்ததற்கும், வராமல் விட்டதற்கும் சேர்த்து ஒரு நாள் தடுப்பு என்று தலைவர் சொன்னார். லோயர் திரும்பி, பயப்படவேண்டாம் என்று கையைக் காட்டினார். அந்த ஒரு நாள் என்பது, இன்றைக்கு நீதிமன்றம் கலையும் வரை அதே இடத்தில் இருப்பதுதானாம். அப்படி ஒரு தண்டனை இருப்பதே எனக்குத் தெரியாது.

இவர் காவலருக்குப் பக்கத்தில் இருந்து மற்றவர்களின் வழக்குகளைக் கேட்டார். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர், கடையில் சவர அலகு திருடியவர். நானும் ஜெயம் அண்ணையும் கடைசி வாங்கில் இருந்து அதே வழக்குகளைக் கேட்டோம். நாலரை மணிக்குக் கொஞ்சம் முந்தி மூன்று பேரும் எழும்பிப் போனார்கள். எல்லாரும் பையைத் தூக்கினார்கள். காவலர் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டார். இவர் எழும்பவில்லை. போகலாம் என்று காவலர் இரண்டாம் தரம் சொன்ன பிறகுதான் எழும்பி, தன்னுடைய கதிரையை ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டு வந்தார்.

முத்திரைக் கடிதத்துக்கு அடுத்த நாள் காலை திரும்பப் போனோம். அதே பெண்தான் இருந்தார். ஒரு பக்கக் கடிதம். குற்றம், திகதி, தண்டனை, நிறைவேறியது என்ற குறிப்பு. சிறிய கட்டணம்தான். இரண்டு பிரதிகள் கேளுங்கள், பிறகு ஒன்றுக்காக இன்னொரு பயணம் வராது. பெயரின் எழுத்துகளை அங்கேயே நின்று சரிபார்த்துவிட்டு வெளியே வாருங்கள். கனடாவுக்கு அனுப்பினோம். இவருடைய சொந்தக் கையெழுத்தில் விளக்கமும் கேட்டார்கள், அதையும் அனுப்பினோம். வழக்கு விஷயம் அதோடு தீர்ந்தது. விசா இன்னும் வரவில்லை.

எங்களைப்போல் போகிறவர்களுக்கு ஒன்றுதான் அழுத்திச் சொல்வேன். முடிவு என்ற இடம் வெறுமையாக இருந்தால் நேரே நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள். முதலில் ஒரு லோயரோடு போனில் பேசுங்கள். எங்களுக்கு நல்ல மனிதர்கள் வாய்த்தார்கள், எல்லாருக்கும் வாய்க்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நீதிமன்றத்துக்குப் போனால் அடுத்த நாள் ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் வெளியே நிற்கவேண்டி வரும்.

இன்னொன்று. வழக்கு உங்கள் வீட்டுக்காரருடையது என்றால், டிக்கெட் எடுக்குமுன் வீட்டில் வைத்துக் கேளுங்கள். முதல் பதிலோடு எழும்பிப் போகாதீர்கள். பக்கத்தில் இருங்கள், இரண்டாவது பதில் வரும்வரை.